சுகந்தியில் ஏறாதவள்

இக்கட்ட வந்து உக்காருங் அம்மணி. அந்தப் பக்கம் வெயிலு மொகத்துலயே அடிக்கும். சன்னலெல்லாம் தொறக்க முடியாதுங்க, கண்ணாடிய ஒட்டி வெச்சிருக்காங்க. ஏசி பஸ்ஸு. நல்லாத்தான் இருக்குது, இல்லைன்னு சொல்லல. ஆனா வெளிய நிக்கறவங்கள ஒரு வார்த்த கூப்புடோணும்னா வழியில்ல பாருங்க.

எங்க போறீங்க? கடைசி ஸ்டாப்பா? அப்ப நல்லதாப் போச்சு. பஞ்சுக்குடோனத் தாண்டித்தான் போவீங்க. எனக்கு ஒரு ஒதவி பண்ணோணும். இப்ப இல்லீங்க, அந்த ஸ்டாப்பு வந்தப்பறம். கதவு தானாத் தொறக்கும். நீங்க இந்த சீட்டுல இருந்தே எட்டிப் பாத்தாப் போதும். அங்க ஒரு பொம்பள நிப்பா. நீலச் சேல, கையில ஒயர் கூடை. "வாங்க்கா, ஏறுங்க"ன்னு ஒரு வார்த்த நீங்க கூப்புடோணும். அவ்வளவுதான். நான் கூப்புட்டா வரமாட்டீங்கறா.

என் ஊட்டுக்காரிதானுங்க. பேரு துளசிமணி.

செத்துப்போயிட்டா. எந்திரிக்காதீங்க அம்மணி, உக்காருங்க. பைத்தியமெல்லாம் ஒண்ணுமில்ல எனக்கு. மாரப்பன்னு கேட்டுப் பாருங்க, இந்த ரூட்டுல பழைய ஆளுங்க எல்லாத்துக்கும் தெரியும். கண்டக்டரா இருந்தவன் நானு. ஏறுனது யாரு, எறங்குனது யாருன்னு பாத்துப் பாத்துப் பழகுன கண்ணுங்க இது. இல்லாத ஆள இருக்குதுன்னு சொல்லாது.

அவ ஏறோணும். அது ஒண்ணுதான் எனக்கு. இந்த பஸ்ஸு பெரியாஸ்பத்திரி வழியாப் போகுதுங்களே, அங்க போறதுக்குத்தான் அவ நிக்கறா. அன்னைக்கு எப்படி நின்னாளோ அதே மாதிரி. ஒரு கையில கூடை, ஒரு கைய நெஞ்சுல அழுத்திட்டு. நான் கெழவனாயிட்டேன், பல்லுப் போச்சு, முடி போச்சு. அவ அன்னைக்கு இருந்தாப்பலயே இருக்கறா. அன்னைக்கு வந்த வலி இன்னும் அவளுக்குத் தீரல. யோசிச்சுப் பாருங்க, எத்தன வருசமா ஒருத்தி அந்த வலியோட நிக்கறது?

இந்த ரூட்டு இப்ப யாருதுன்னே எனக்குச் சொல்லத் தெரியல. ஏதோ வடக்கத்திக் கம்பெனி டெண்டர் எடுத்திருக்குதுங்கறாங்க. பஸ்ஸுல பேரு இல்ல பாத்தீங்களா? நம்பரு மட்டுந்தான். அப்பெல்லாம் பஸ்ஸுன்னா அதுக்குப் பேரு இருக்கும். உக்கடத்துல இருந்து கருக்கம்பாளையம் வரைக்கும் ரண்டே கம்பெனி, நவமணி, சுகந்தி. சனங்க நம்பரே சொல்லமாட்டாங்க. "நவமணி போயிருச்சா?", "சுகந்தி வந்துருச்சா?" இப்படித்தான் கேப்பாங்க. ஊட்டுக்கு ஊடு கட்சி மாதிரி. நவமணிக்காரங்க ஊடு, சுகந்திக்காரங்க ஊடு. பொண்ணு பாக்க வர்றவனக் கூட எந்த பஸ்ஸுல வந்து எறங்கறான்னு பாப்பாங்க.

நான் நவமணி. பச்சை வண்டி, நெத்தியில வளைச்சு வளைச்சு எழுதியிருக்கும். மொதலாளி அய்யாசாமிக் கவுண்டரு என்னைய மகனாட்டத்தான் வெச்சிருந்தாரு. சுகந்தி செவப்பு வண்டி. அதுல கண்டக்டரு நாச்சிமுத்துன்னு ஒருத்தன். நல்லா ஒசரமா இருப்பான், சிரிச்ச மொகம். சிரிச்சே ஆள ஏத்திருவான். நமக்கு முன்னால கெளம்பற வண்டி அவனுது. அவன் தன் நேரத்துக்குக் கெளம்பாம, ஆடி அசைஞ்சு, நம்ம ஆளையும் சேத்தி அள்ளீட்டுப் போவான். கேட்டா "சனங்க ஏர்றாங்க, நான் என்னங்ணா பண்றது"ம்பான்.

ஒருநாளு உக்கடத்துல வெச்சு, "நவமணி பஞ்சருங்க, வராது, எல்லாரும் இதுல ஏறுங்க"ன்னு சத்தம் போட்டு என் ஆளுங்கள ஏத்தறான். என் வண்டி அங்கயே நிக்குது, ஆறு சக்கரமும் நல்லா நிக்குது. சட்டையப் புடிச்சுட்டேன். தள்ளுனான். எம்பட சட்டை கிழிஞ்சு, விசிலு தெறிச்சு சாக்கடையில உழுந்து, சனமெல்லாம் சிரிக்குது. அவனும் சிரிச்சான் பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கல.

பஸ் ஸ்டாண்டு மூலையில ஒரு முனியப்பன் இருக்கும். ரண்டு கம்பெனி வண்டியும் காலைல அங்கதான் சூடம் காட்டிட்டுக் கெளம்பும். கிழிஞ்ச சட்டையோட நேரா அங்க போனேன். அவனும் பாத்துட்டு நிக்கறான், சனமும் நிக்குது. சூடத்து மேல கைய வெச்சு, "என் ஊட்டு ஆளு எவரு சுகந்திப் படியில கால வெச்சாலும் எனக்கு ஒறவில்ல"ன்னு சத்தியம் பண்ணிப்போட்டேன். கோவத்துல பண்ணுனதுதான். ஆனா பண்ணுனா பண்ணுனதுதானுங்களே, சாமிகிட்ட போயி வெளையாட முடியுமா?

துளசிமணிகிட்ட வந்து சொன்னேன். கேட்டுக்கிட்டா. அவ எதுக்குமே ஒண்ணுஞ் சொல்லமாட்டா, அப்படி ஒரு குணம். எனக்குப் புள்ளகுட்டி இல்ல அம்மணி, அவதான் எல்லாம். எங்க ஊட்டுக்கு எதுக்கயே பஞ்சுக்குடோன் ஸ்டாப்பு. சுகந்தி வரும், காலியா வரும், நாச்சிமுத்து படியில தொங்கீட்டு "ஏறுங்க்கா"ம்பான். கைய இப்படி ஒரு திருப்புத் திருப்புவா. நீங்க போங்கன்னு அர்த்தம். அத்தன அழகா இருக்கும் அந்தக் கை. நான் அடுத்த வண்டில வந்து பாத்துட்டு, படியில நின்னே ஒரு விசில் அடிப்பேன். அப்படி ஒரு பெருமை எனக்கு. அய்யாசாமிக் கவுண்டரே எல்லார்த்து முன்னாடியும் சொல்லுவாரு, நவமணிக்கு மாரப்பன் சம்சாரத்தாட்ட பத்துப் பேரு இருந்தாப் போதும்னு.

ஒரே ஒருக்கா ஏறீட்டா. அவங்கம்மாவுக்குச் சீக்குன்னு போயிட்டு வர்றப்ப, மழை, நவமணி அன்னைக்கு ஒர்க்‌ஷாப்புல. சுகந்தில வந்து எறங்கீட்டா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சாளாட்ட இருக்குது, ஆனா பாத்தவங்க சொல்லாம இருப்பாங்களா? நான் அடிச்சனான்னு கேப்பீங்க. இல்லீங்க. கைநீட்டுனதே இல்ல, அந்தப் பழக்கமே எனக்கில்ல. கதவ உள்ள தாப்பாப் போட்டுக்கிட்டேன், அவ்வளவுதான். நனைஞ்ச சேலயோட வாசல்ல நின்னா. விடியால தொறந்தேன். சிரிச்சுட்டே உள்ள வந்து காப்பி வெச்சுக் குடுத்தா. சாயங்காலம் நான் பூ வாங்கீட்டுப் போனேன். சும்மா ஒரு வெளையாட்டுதான். அதுக்கப்பறம் அவ தப்பே பண்ணல, நீங்க வேணா யாரையாச்சும் கேட்டுக்கங்க.

கொஞ்சம் நவுந்து உக்காருங்க அம்மணி, டிக்கெட் போட வர்றான். ரண்டு குடு தம்பி. ஆமா, எப்பவும் போல ரண்டுதான். பாருங்க, கேள்வியே கேக்கமாட்டான். மொதல்ல கேட்டுட்டு இருந்தான், அப்பறம் உட்டுட்டான்.

அன்னைக்கு நடந்ததச் சொல்றேன். அன்னைக்கும் நாச்சிமுத்து நேரத்துக்கு வண்டிய எடுக்கல. என் நேரத்தையும் சேத்தித் தின்னுபோட்டுத்தான் கெளம்புனான். அவன் கெளம்புன ஒடனே நானும் கெளம்பியிருக்கலாம். எங்க டிரைவரு கூட "உடு மாப்ள, போலாம்"னாரு. எப்படிங்க உடறது? தெனமும் உட்டுட்டே இருந்தா நாம மனுசனா? டைம்கீப்பரு வந்து சுகந்தி மேல எழுத்துல ரிப்போர்ட்டு குடுத்தாத்தான் வண்டிய எடுப்பேன்னு படிக்கட்டுல உக்காந்துட்டேன். டைம்கீப்பரு டீ குடிக்கப் போயிருக்கறான். வரட்டும்னேன். உள்ள சனங்க கத்துறாங்க, கத்தட்டும்னேன். நியாயம்னு ஒண்ணு இருக்குதுங்களே. நீங்களே சொல்லுங்க, என்ற மேல என்ன தப்பு?

அங்க ஊட்டுல அவளுக்கு நெஞ்சு வலி வந்திருக்குது. பக்கத்து ஊட்டு ராமாத்தாக்கா கைத்தாங்கலா ஸ்டாப்புக்குக் கூட்டியாந்திருக்குது. அப்ப அந்தப் பக்கம் ஆட்டோ ஏது, காரு ஏது, பஸ்ஸு ஒண்ணுதான். சுகந்தி வந்து நின்னிருக்குது. நாச்சிமுத்து மொகத்தப் பாத்ததுமே எறங்கி வந்து, "அக்கா ஏறுங்க, ஆஸ்பத்திரி வாசல்லயே கொண்டு உடறேன்"னு கையெடுத்துக் கும்பிட்டானாமா. உள்ள இருந்த சனமெல்லாம் ஏறு ஏறுன்னிருக்குது. ராமாத்தாக்கா தள்ளியிருக்குது. அவ நெஞ்சுல இருந்து கைய எடுத்து, அந்தத் திருப்புத் திருப்புனாளாமா. நீங்க போங்க. பின்னால நவமணி வரும்.

நவமணி வரல. டைம்கீப்பரு வந்து, எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுத்து, அப்பறந்தான் வந்துச்சு. தூரத்துல இருந்தே பாத்தேன், ஸ்டாப்புல கீழ உக்காந்திருந்தா. நான் விசில் அடிச்சேன். இன்னைக்கு ஜெயிச்சுட்டோம்னு அவகிட்டச் சொல்லோணும், அப்படி ஒரு சந்தோசத்துல வந்தேன். கிட்ட வந்தாத்தான் தெரியுது, ராமாத்தாக்கா மடியில தல சாஞ்சு கெடக்குது. தூக்கி வண்டில போட்டு, ஒரு ஸ்டாப்புலயும் நிக்காம ஓட்டுனோம். பாதியிலயே போயிட்டா.

எல்லாம் அந்த நாச்சிமுத்து நேரத்துக்குக் கெளம்பாததால வந்தது. அவன் ஒழுங்கா கெளம்பியிருந்தா நான் ஒழுங்கா கெளம்பியிருப்பேன். ஆனா ஒண்ணு அம்மணி. கடைசியா அவ போனது நவமணியிலதான். சுகந்தியில ஏறல. அதச் சொல்லிச் சொல்லித்தான் எளவு ஊட்டுல நான் அழுதேன்.

அப்பறம் அய்யாசாமிக் கவுண்டரு காலமானாரு. மகனுங்களுக்கு பஸ்ஸுல இஷ்டமில்ல, பூமி, பிளாட்டுன்னு போயிட்டாங்க. ரூட்டு, பெர்மிட்டு, வண்டி, ஆளு, எல்லாத்தையும் மொத்தமாத் தூக்கி சுகந்திக்காரனுக்கே குடுத்துட்டாங்க. ஆமாங்க, சுகந்திக்குத்தான். வெள்ளிக்கெழம பச்சையா உள்ள போன வண்டி அடுத்த வாரம் செவப்பா வெளிய வருது. அதே வண்டி, அதே சீட்டு, அதே கம்பி. நெத்தியில மட்டும் சுகந்தி.

நான் என்ன பண்றது? வேற வேல தெரியாது. இருக்கறவங்க இருக்கலாம், அதே சம்பளம்னாங்க. இருந்துட்டேன். நீங்க என்ன கேக்க வர்றீங்கன்னு தெரியுது. சத்தியம் என்னாச்சுன்னுதான? ஏர்றது வேற, வேல பாக்கறது வேறங்க. ஏர்றதுன்னா டிக்கெட் வாங்கி ஏர்றது. நான் டிக்கெட் குடுக்கறவன். முனியப்பனுக்கு அந்த வித்தியாசம் தெரியாதா? செவப்புச் சட்டை குடுத்தாங்க, போட்டுக்கிட்டேன். துணியில என்ன இருக்குது?

அந்தச் செவப்புச் சட்டையோட மொத நாளு, மொத ட்ரிப்பு. பஞ்சுக்குடோன் வந்துச்சு. கால் ரண்டும் படியிலதான் இருந்துச்சு எனக்கு, நல்லா நெனவிருக்குது. அவ நிக்கறா.

பட்டப்பகலுங்க. பளிச்சுனு வெயிலு. பஸ்ஸு வந்து நின்ன காத்துக்கு ரோட்டு ஓரத்துக் குப்பையெல்லாம் பறக்குது, அவ சேல மட்டும் அசையல. கையி நெஞ்சுல. நெத்தியெல்லாம் வேர்த்திருக்குது. "ஏறு"ன்னேன். பஸ்ஸப் பாத்தா, நெத்திய அண்ணாந்து படிச்சா, அப்பறம் என்னையப் பாத்தா. என் சட்டையப் பாத்தா. கைய எடுத்து, நீங்க போங்கன்னா.

யாரும் ஏறலீன்னு டிரைவரு வண்டிய எடுத்துட்டாரு. எனக்கு அன்னைக்குப் பூரா சில்லறை எண்ணத் தெரியல. பயந்தேன், பொய் சொல்லமாட்டேன். ஊட்டுக்கு வந்து சன்னலத் தொறக்கவே இல்ல, எதுக்கயே ஸ்டாப்பு பாருங்க. ஆனா ஊட்டுல இருந்து பாத்தா அவ தெரியமாட்டா அம்மணி. சன்னல்ல இருந்து எத்தனையோ தடவ பாத்துட்டேன், வெறும் ரோடுதான். பஸ்ஸுல இருந்து பாத்தாத்தான் தெரியறா.

அதுக்கப்பறம் தெனமும். ஒவ்வொரு ட்ரிப்புக்கும். போகப் போக பயம் போயி, ஆத்தாமதான் வந்துச்சு. ஏண்டி இந்த வெயில்ல நிக்கறே, ஏறித் தொலயேன்னு மனசுக்குள்ளயே சொல்லுவேன். கெஞ்சுவேன். வண்டியப் புடிச்சு நிறுத்தி வெப்பேன், சனங்க வய்யும். அவ ஒரே கைதான். நீங்க போங்க.

ஒருக்கா, ஒரே ஒருக்கா, அவ முன்னால வந்தா. என்னாச்சுன்னா, சுகந்திக்காரன் அவசரத்துல அடிச்ச பெயிண்டு, வெயில்ல நெத்தியில வெளிறிப்போச்சு. சாஞ்ச வெயிலு பட்டா அடியில இருக்கற பச்சை தெரியும். நவமணின்னு மங்கலா, தண்ணிக்குள்ள இருக்கறாப்பல தெரியும். அன்னைக்கு அவ அதப் பாத்தா. உத்துப் பாத்தா. ஒரு அடி எடுத்து வெச்சா. கை நெஞ்ச உட்டுட்டு கம்பியப் புடிக்க வருது. அந்த விரல நான் கிட்டத்துல பாத்தேன் அம்மணி, நெகத்துல மருதாணி இருந்துச்சு. நான் படியில இருந்து கைய நீட்டுனேன், என் செவப்புச் சட்டைக் கை கண்ணுல பட்டிருக்கும், மளார்னு பின்னால போயிட்டா.

அன்னைக்கு சாயங்காலமே ஷெட்டுல உக்காந்து ஆணிய வெச்சு சுரண்டுனேன். சுகந்திய சுரண்டி, நவமணிய வெளிய எடுத்தேன். பாதி எழுத்து வர்றதுக்குள்ள புடிச்சுட்டாங்க. சுகந்தி மொதலாளி வந்து என்னடான்னாரு. என்னன்னு சொல்றது நானு? திமிரு புடிச்ச நவமணி நாயின்னு வேற ரூட்டுக்குத் தூக்கிப் போட்டுட்டாங்க. ரிட்டயர் ஆகற வரைக்கும் இந்தப் பக்கமே உடல. என்ன அநியாயம் பாருங்க. ஒரு எழுத்தச் சுரண்டுனதுக்கு.

லீவு நாள்ல பயணியா வந்து பாப்பேன். டிக்கெட் வாங்கிச் சுகந்தியில ஏறக் கூடாதுல்ல, அதனால தெரிஞ்ச கண்டக்டர்கிட்ட சொல்லி டிக்கெட் இல்லாமயே வந்துருவேன். நிப்பா. அப்படியே நிப்பா.

முனியப்பன் கோயில் பூசாரிகிட்டப் போயி விசயத்தச் சொன்னேன். அவரு சொன்னாரு, சத்தியம் பண்ணுனவன்தான் அவுக்கோணும், யாருக்கு எதிரா பண்ணுனியோ அவன் கையில தண்ணி வாங்கிக் குடி, அவுந்துரும், அவளும் போயிருவான்னு. அவன் கையிலயான்னு எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது. இருந்தாலும் போனேன் அம்மணி. அவளுக்காகப் போனேன்.

நாச்சிமுத்து படுக்கையில கெடந்தான். ஒரு பக்கம் கை காலு வராது, பேச்சு மட்டும் வரும். என்னையப் பாத்ததும் அழுகறான். "அண்ணா, அக்காவ நீங்களும் பாக்கறீங்களா?"ன்னான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. அவன் ட்ரிப்புலயும் நின்னிருக்கறா. அவனும் ஒவ்வொரு நாளும் நிறுத்தி, எறங்கி, கும்பிட்டுக் கூப்புட்டிருக்கறான். ஆளில்லாத ஸ்டாப்புல வண்டிய நிறுத்தறான்னு செக்கரு கிட்ட எத்தனையோ பேச்சு வாங்கியிருக்கறான். ஒருத்தருகிட்டயும் சொல்லல, என்னையாட்டவே.

மருமக சொம்புல தண்ணி கொண்டாந்து அவன் கையில குடுத்துச்சு. நல்லா இருக்கற கையில புடிச்சு நீட்டறான். நானும் வாங்கீட்டேன். வாயி கிட்டக் கொண்டு போயிட்டேன். அப்பத்தான் அவன் சொல்றான், "அண்ணா, அன்னைக்கு அக்கா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லுச்சு. இத்தன வருசமா நெஞ்சுலயே கெடக்குது. நான் ஏறுனா அவரு கதவச் சாத்திப்போடுவாரு தம்பி, என்னால இன்னொருக்கா நிக்க முடியாது தம்பின்னு சொல்லுச்சு. அத்தன வலியிலயும் அதத்தான் சொல்லுச்சு."

பொய்யி. பச்சப் பொய்யிங்க. அவ அப்படிச் சொல்ற ஆளா? பெருமைக்காக ஏறாம இருந்தவள, பயந்து ஏறாம இருந்தான்னு சொல்றான். படுக்கையில கெடந்தாலும் சுகந்திக்காரன் புத்தி போகுமா? சொம்பக் கீழ வெச்சேன், வந்துட்டேன். அதுக்கப்பறம் ஒருவாரம் நான் சாப்புடல. சாப்பாடு எறங்கல. எதுக்குன்னு தெரியல. பொய்யின்னு தெரிஞ்ச ஒண்ணு எதுக்கு மனுசனத் தூங்க உடமாட்டீங்குது, சொல்லுங்க?

எந்த ஸ்டாப்பு இது? அந்தப் பொட்டிக்குள்ள இருந்து ஒரு பொம்பள பேசுது, காதுல சரியா உழுகறதில்ல. மார்க்கெட்டா? அப்ப இன்னும் ரண்டு இருக்குது.

சரி, கேளுங்க. போன சித்திரையில சுகந்தியும் போச்சு. எனக்குச் சிரிப்பா வந்துச்சு. எங்கள முழுங்குனவன இன்னொருத்தன் முழுங்கீட்டான். இந்த ரூட்டு எல்லாத்தையும் இந்த வடக்கத்திக் கம்பெனிக்கு ஒப்பந்தத்துல உட்டுட்டாங்க, கரண்டுல ஓடற வண்டி, வெள்ளையா, பேரில்லாம. சுகந்திங்கற பேரு எந்த வண்டியிலயும் இல்ல, எந்தச் செவுத்துலயும் இல்ல. அந்த செவப்பு வண்டியெல்லாம் பழைய இரும்புக்குப் போயிருச்சு. எனக்கு வந்த சந்தோசம் இருக்குதே. நாச்சிமுத்து தண்ணியக் குடிக்காம வந்தது எத்தன நல்லதாப் போச்சு. இனி சுகந்தியே இல்ல, சத்தியம் எங்க இருந்து இருக்கும்? அவ தாராளமா ஏறலாம்.

மொத நாளு புது வேட்டி கட்டீட்டு வந்தேன். ரண்டு டிக்கெட் வாங்குனேன், இந்தப் பக்கத்து சீட்டுல துண்டப் போட்டு வெச்சேன். பஞ்சுக்குடோன் வந்துச்சு, கதவு தானாத் தொறந்துச்சு. படி கூட இல்ல அம்மணி இந்த வண்டியில, நெலத்துல இருந்து அப்படியே வரலாம், நெஞ்சு வலிக்காரி கூட வரலாம். அவ பேரத் தேடுனா. நெத்தியில பாத்தா, பக்கத்துல பாத்தா, ஒண்ணுமில்ல. நான் சொன்னேன், "துளசி, இது சுகந்தி இல்ல, ஏறு." சத்தமாவே சொன்னேன், சனமெல்லாம் திரும்பிப் பாத்துச்சு. அவ என்னையப் பாத்தா.

நீங்க போங்கன்னுட்டா.

அன்னைல இருந்து இன்னைக்கு வரைக்கும் வர்றேன். கோயில்ல போயி சொல்லிட்டேன், ஊட்டுல அவ படத்து முன்னால நின்னு சொல்லிட்டேன், சுகந்தி போச்சு, சுகந்தி போச்சுன்னு. ஏறமாட்டீங்கறா. எனக்குப் புரியல அம்மணி. நவமணி இல்ல, சுகந்தி இல்ல, சண்ட போட்டவனுங்க யாருமே இல்ல. இன்னும் யாருக்காக இப்படி ஒருத்தி நிப்பா? அதனாலதான் உங்களக் கேக்கறேன். எங்குரலு வேண்டாம். பொம்பளக் குரல்ல, வேத்து மனுசி கூப்புட்டா வருவாளோன்னு ஒரு நெனப்பு.

வந்துருச்சு. இதுதான், இதுதான். அந்த மஞ்சக் கட்டடத்துக்குப் பக்கத்துல. தெரியுதா? தெரியலையா? பரவால்ல, உங்களுக்குத் தெரியோணும்னு இல்ல. கதவு தொறந்துருச்சு. கூப்புடுங்க அம்மணி. வெக்கப்படாதீங்க, சும்மா காத்துல கூப்புடறாப்பல கூப்புடுங்க.

ஆ. பாக்கறா. உங்களத்தான் பாக்கறா. இன்னொருக்கா கூப்புடுங்க. வர்றா அம்மணி. கூடைய எடுத்து இடுப்புல வெச்சுட்டா. வா, வா. டிரைவரு தம்பி, சித்த நேரம், ஒரே நிமிசம், கதவச் சாத்திப்போடாதப்பா. கம்பி மேல கைய வெச்சுட்டா. ஒரு காலு உள்ள...

எதுக்கு நிக்கறே? ஏறு. என்னைய எதுக்குப் பாக்கறே?

பின்னால போயிட்டா.

என்னையப் பாத்துட்டுத்தான் போறா. உங்களப் பாத்து வந்தவ, என்னையப் பாத்துட்டுப் போறா.

நான் எறங்கிக்கறேன் அம்மணி. இல்ல, இல்ல, ஒடம்புக்கு ஒண்ணுமில்ல, இந்தக் கைய மட்டும் சித்தப் புடிங்க, எந்திரிச்சுக்கறேன். தம்பி, இருப்பா, எறங்கோணும். நான் கீழ எறங்கி, அந்தச் செவுத்தப் பாத்துத் திரும்பி நின்னுக்கறேன். நான் பாக்கலீன்னா அவளுக்கு என்ன பயம்? நீங்க மறுக்காவும் கூப்புடுங்க. ஏறுனாளா, ஏறலியா, எனக்குச் சொல்ல வேண்டாம். நான் கேக்கவே மாட்டேன், இனி எப்பவும் கேக்கமாட்டேன். பெரியாஸ்பத்திரி வந்தா எறங்கச் சொல்லுங்க. அவளுக்கு டிக்கெட் இருக்குது, உக்கார எடம் மட்டும் குடுங்க. நெம்ப நேரம் நின்னுட்டா.